பேசாமல் இருப்பதற்கும் சம்பளம்: டிவி வர்ணனையாளர் செய்யும் வேலை என்ன?

டிவியில் மேட்ச் ஓடுகிறது. பந்து வீசுவது, அடிப்பது, ஓடுவது எல்லாம் கண் முன்னால் தெரிகிறது. மூலையில் ஸ்கோரும் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஒருவர் உட்கார்ந்து “வீசினார், அடித்தார், ஓடினார்” என்று சொல்ல வேண்டும்? சின்ன வயதில் இதைக் கேட்டால் “பேசாம பாரு” என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இதற்குச் சரியான பதில் தெரிந்த வர்ணனையாளர்கள் மிகக் குறைவு.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குப் பிளே-பை-பிளே அனவுன்சர் என்று பெயர். மைதானத்தில் நடப்பதை நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டு போகிறவர். நம் வானொலிக்காரர்கள் ‘நேர்முக வர்ணனை’ என்பார்களே, அதுதான். அவருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இன்னொருவர் இருப்பார், அநேகமாக ஒரு முன்னாள் ஆட்டக்காரர். அவரைக் கலர் காமென்டேட்டர் அல்லது அனலிஸ்ட் என்பார்கள். முதல் ஆள் என்ன நடந்தது என்று சொல்வார், இரண்டாவது ஆள் ஏன் நடந்தது என்று சொல்வார். கிரிக்கெட் கமென்ட்ரியில் இரண்டு வேலையும் கலந்துவிட்டன. ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவரே பந்தையும் சொல்வார், பிட்ச்சையும் அலசுவார். அமெரிக்காவில் இந்தக் கோடு கொஞ்சம் கறார். பிளே-பை-பிளே சொல்கிறவர் அந்த ஆட்டத்தைத் தொழில்முறையில் ஆடியிருக்க வேண்டியதே இல்லை. அவருக்குப் பேச்சுதான் பிழைப்பு.

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. அவர் வின் ஸ்கல்லி. டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள் வர்ணித்தவர். தாத்தா கேட்ட அதே குரலைப் பேரனும் கேட்டு வளர்ந்தான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு நிமிடம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் பேட் பிடிக்கும், மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே தூக்கி அடித்தால் ஹோம் ரன். நம் சிக்ஸர் போலத்தான், ஆனால் அடித்தவரோடு ஏற்கெனவே பேஸ்களில் (ரன் எடுக்க ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றி வர வேண்டிய நிறுத்தங்கள்) நிற்பவர்களும் சேர்ந்து உள்ளே வந்து ரன் கணக்கில் சேர்வார்கள். வர்ணனையாளருக்கு முக்கியமான விஷயம் வேறு: இந்த ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காது. பந்து வீசுகிற பிட்சர் தொப்பியைச் சரி செய்வார், துப்புவார், முறைப்பார், திரும்பத் தொப்பியைச் சரி செய்வார். ஒரு சீசனுக்கு அணிக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் ஒன்று. டெஸ்ட் மேட்சை நறுக்கி ஆறு மாதத்துக்குத் தினம் ஒரு துண்டு போட்டால் எப்படி இருக்கும், அப்படி. இந்த வெற்று நேரத்தை என்ன செய்வது என்பதுதான் வர்ணனையாளருக்குத் தினசரிப் பரீட்சை.

ஸ்கல்லி பிறந்தது 1927-இல், நியூயார்க்கில், ஐரிஷ் வம்சாவளிக் குடும்பத்தில். அப்பா சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். வீட்டில் நாலு கால் வைத்த பெரிய ரேடியோப் பெட்டி ஒன்று இருந்தது. பையன் அதற்கு அடியில் தலையணை போட்டு, பாலும் பிஸ்கெட்டும் வைத்துக்கொண்டு, எங்கோ நடக்கும் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆட்டங்களைக் கேட்பான். ஆடுகிறவர்கள் யார் என்றுகூடத் தெரியாது. கூட்டத்தின் இரைச்சல் ஸ்பீக்கரிலிருந்து மேலே கொட்டும்போது ஷவருக்கு அடியில் நிற்பது போல இருந்ததாகப் பின்னாளில் பல தடவை சொல்லியிருக்கிறார். அவனைப் பிடித்தது அந்த இரைச்சல்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1936 அக்டோபர் 2. பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு சீன லாண்டரிக் கடை வாசலில் உலகத் தொடர் (வேர்ல்ட் சீரீஸ், பேஸ்பால் சீசனின் சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) ஆட்டத்தின் ஸ்கோர் எழுதி வைத்திருந்தார்கள். யாங்கீஸ் 18, ஜயன்ட்ஸ் 4. எட்டு வயதுப் பையனுக்கு அடி வாங்கிய ஜயன்ட்ஸ் மேல் பாவமாக இருந்தது. அன்றிலிருந்து அவன் ஜயன்ட்ஸ் ரசிகன். டாட்ஜர்ஸுக்கு அந்த ஜயன்ட்ஸ்தான் பரம வைரி. பின்னால் சோறு போட்டதோ டாட்ஜர்ஸ்!

ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கேயே மாணவர் வானொலியில் பேசிப் பழகினார். 1949-இல் படிப்பு முடிந்ததும் சுமார் 150 நிலையங்களுக்கு வேலை கேட்டுக் கடிதம் போட்டார். உருப்படியாகப் பதில் வந்தது வாஷிங்டனிலிருந்த ஒரே நிலையத்திலிருந்து, அதுவும் லீவு போட்டவருக்குப் பதிலாள் வேலை. அந்த வழியாகத்தான் சிபிஎஸ் வானொலியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ரெட் பார்பரின் கண்ணில் பட்டார். பார்பர் வீட்டுக்குப் போன் செய்தபோது எடுத்தது ஸ்கல்லியின் அம்மா. பையன் வந்ததும், “ரெட் ஸ்கெல்டன் கூப்பிட்டார்” என்று சொன்னாராம். ரெட் ஸ்கெல்டன் அப்போது புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர்.

பார்பர் கொடுத்த வேலை, பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க்கில் ஒரு கல்லூரி ஃபுட்பால் ஆட்டம். நவம்பர் மாதம். கண்ணாடி போட்ட அறை கொடுப்பார்கள் என்று நம்பி ஸ்கல்லி கோட்டையும் கையுறையையும் ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வந்தார். அறை கிடைக்கவில்லை. கூரை மேல் ஏற்றிவிட்டார்கள். கையில் மைக், நீளமான கேபிள், ஒரு 60 வாட் பல்பு. ஆட்டம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் கேபிளை இழுத்துக்கொண்டு கூரையில் அங்குமிங்கும் நடந்தபடி, குளிரில் விறைத்துக்கொண்டே முழு ஆட்டத்தையும் சொல்லி முடித்தார். குளிர்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில நாள் கழித்து பாஸ்டன் தரப்பிலிருந்து மன்னிப்புக் கேட்டபோதுதான் பார்பருக்கே விஷயம் தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1950-இல், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அப்போது இருந்த டாட்ஜர்ஸின் வர்ணனைக் குழுவில் ஸ்கல்லிக்கு இடம் கிடைத்தது. வர்ணனையாளர் கஷ்டம் நேயருக்குத் தேவையில்லாத செய்தி. இந்தப் பாடத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் அறிந்திருந்தார்.

மற்ற பாடங்களைப் பார்பர் சொல்லிக்கொடுத்தார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1939-இல் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டம் முதன்முறையாக டிவியில் வந்தபோது வர்ணனை செய்தவர் அவர்தான். இரண்டே கேமரா. பார்ப்பதற்கு மானிட்டர் கிடையாது. வீட்டில் இருக்கிறவர் திரையில் என்ன பார்க்கிறார் என்று தெரியாமலே, கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஊகித்துப் பேச வேண்டியிருந்தது. பார்பர் மேசையில் முட்டை வேக வைக்க நேரம் பார்க்கும் மணல் கடிகாரம் ஒன்றும் வைத்திருப்பார், மூன்று நிமிட மணல். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைப்பார். சிரிப்பாகத் தெரியலாம். ஆனால் திரை மூலையில் எந்நேரமும் ஸ்கோர் நிற்கிற வழக்கம் 1990-களில்தான் பரவியது. அதுவரை நடுவில் டிவி போட்டவர், வர்ணனையாளர் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பார்பர் சொன்ன அறிவுரைகளில் மூன்று ஸ்கல்லியிடம் கடைசிவரை இருந்தன. ரசிகனாகப் பேசாதே. மற்ற வர்ணனையாளர்களைக் கேட்காதே, கேட்டால் உன் குரல் கரைந்துவிடும். உன் அபிப்பிராயத்தை உன்னோடு வைத்துக்கொள். முதலாவது பார்க்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. அமெரிக்காவில் உள்ளூர் ஒளிபரப்பின் வர்ணனையாளருக்குப் பல இடங்களில் சம்பளம் தருவதே அந்த அணிதான். அதனால் “நாம அடிச்சுட்டோம்”, “நமக்கு ஒரு ரன் வேணும்” என்று பேசுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ‘ஹோமர்’ என்று கிண்டல் பெயரும் உண்டு. ஸ்கல்லி டாட்ஜர்ஸை ‘நாம்’ என்று சொன்னதில்லை. எதிரணிக்காரர் நன்றாக ஆடினால் அதே ஆர்வத்தோடு சொன்னார். அணி நிர்வாகம் இதை 67 ஆண்டு சகித்துக்கொண்டது என்பதைவிட, இதனால்தான் அவரை ஊர் நம்பியது என்று சொல்வது சரியாக இருக்கும்.

1953-இல் பார்பருக்கும் விளம்பரதாரருக்கும் பணத் தகராறு. உலகத் தொடரை வர்ணிக்கும் வாய்ப்பு 25 வயது ஸ்கல்லிக்கு வந்தது. அவ்வளவு இளம் வயதில் அதைச் செய்தவர் வேறு யாரும் இல்லை. 1955-இல் புரூக்ளின் அணி ஜென்மத்தில் முதல் தடவையாக உலகத் தொடரை வென்றது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் உலகச் சாம்பியன் என்று ஒரே வாக்கியம் சொன்னார், நிறுத்திவிட்டார். எப்படி அவ்வளவு நிதானமாக இருந்தீர்கள் என்று பிறகு கேட்டவர்களிடம், இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன் என்றார்.

1958-இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. முதல் நான்கு ஆண்டு ஆடிய இடம் கொலிசியம், ஒலிம்பிக்ஸ் நடந்த பிரம்மாண்டமான அரங்கம். பின்வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் எறும்பு அளவுக்குத் தெரிவார். ஜனங்கள் டிரான்சிஸ்டர் ரேடியோவோடு வந்தார்கள், கண்ணால் பார்ப்பதைக் காதால் புரிந்துகொள்ள. (சேப்பாக்கத்துக்கு டிரான்சிஸ்டரோடு போனவர்களுக்கு இது புதிதில்லை.) ஆயிரக்கணக்கான ரேடியோக்களிலிருந்து ஒரே குரல் எழும்பி அரங்கத்திலேயே எதிரொலிக்கும். 1960-இல் ஒரு நாள், அம்பயர் ஃபிராங்க் செக்கரிக்குப் பிறந்தநாள் என்று ஸ்கல்லிக்குத் தெரிய வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறேன், எல்லோரும் சேர்ந்து வாழ்த்துங்கள் என்று மைக்கில் சொன்னார். அரங்கமே கத்தியது. அம்பயருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒலிபெருக்கியில் யாரும் எதுவும் சொல்லவில்லையே!

சரி, ரேடியோவுக்கும் டிவிக்கும் என்ன வித்தியாசம்? ரேடியோவில் வர்ணனையாளர்தான் நேயரின் கண். அவர் ஐந்து விநாடி சும்மா இருந்தால் மைதானமே மறைந்துவிடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, பிட்சர் எந்தக் கையால் நெற்றியைத் துடைத்தார், எல்லாவற்றையும் அவர்தான் சொல்ல வேண்டும். 1965 செப்டம்பர் 9 அன்று சாண்டி கூஃபேக்ஸ் என்ற பிட்சர், எதிரணியில் வந்த 27 பேரில் ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொட விடாமல் ஆட்டத்தை முடித்தார். கடைசி இன்னிங்ஸில் ஸ்கல்லி நடு நடுவே மணி என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்தபோது இரவு 9:46. மணி எதற்கு? அந்த ஒலிப்பதிவு கூஃபேக்ஸிடம் நினைவாகப் போகும், என்றைக்குக் கேட்டாலும் அந்த இரவு அப்படியே திரும்பி வரட்டும் என்றுதான்.

டிவியில் கதை தலைகீழ். படம் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வர்ணனையாளர் மைதானத்தைவிடத் தன் முன்னால் இருக்கிற மானிட்டரைத்தான் அதிகம் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் தெரிவது அதுதான். காதில் மாட்டிய ஹெட்செட் வழியாகத் தயாரிப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார்: அடுத்து ரீபிளே, பத்து விநாடியில் விளம்பரம். அதைக் கேட்டுக்கொண்டே, கேட்கிற பாவனை இல்லாமல், தன் வாக்கியத்தையும் முடிக்க வேண்டும். ஸ்கல்லிக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பிற்காலத்தில் பல ஆண்டுகள் முதல் மூன்று இன்னிங்ஸ் அவர் பேச்சு டிவியிலும் ரேடியோவிலும் ஒரே சமயத்தில் போனது. கண் உள்ளவருக்கு அலுக்கக் கூடாது, கார் ஓட்டுகிறவருக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாது.

டிவியில் அவர் வேலையின் உச்சம் என்று நான் நினைப்பது 1988 அக்டோபர் 15. உலகத் தொடரின் முதல் ஆட்டம், என்பிசி நாடு முழுக்க ஒளிபரப்பியது. டாட்ஜர்ஸின் முக்கிய ஆட்டக்காரர் கிர்க் கிப்ஸனுக்கு இரண்டு காலிலும் அடி, அவர் ஆட மாட்டார் என்பது முடிவான விஷயம். கேமரா ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தை மெல்லச் சுற்றிக் காட்ட, கிப்ஸன் அங்கே இல்லை, இன்று ஆட மாட்டார் என்று ஸ்கல்லி சொன்னார். உள்ளே காலில் ஐஸ் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்த கிப்ஸனுக்கு அது சுருக்கென்று பட்டது. எழுந்து தயாரானார். இதைக் கிப்ஸனே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், டாட்ஜர்ஸ் 3-4 என்று பின்தங்கியிருக்கிறது. நொண்டிக்கொண்டே கிப்ஸன் வந்தார். ஒருவர் பேஸில் நிற்கிறார். கால் ஒத்துழைக்காததால் ஏறக்குறைய கைகளால் மட்டுமே சுழற்றி ஒரே அடி. உயரமாக வலது பக்கம் போகிறது என்று சொன்ன ஸ்கல்லி, அது போயே போய்விட்டது என்பதற்கு மூன்று சொல் சொன்னார். அப்புறம் வாயை மூடிவிட்டார்.

ஒரு நிமிடத்துக்கும் மேல் ஒரு சத்தமும் இல்லை அவரிடமிருந்து. கிப்ஸன் கையை மடக்கி இழுத்துக்கொண்டு நொண்டியபடி பேஸ்களைச் சுற்றுகிறார், சக ஆட்டக்காரர்கள் ஓடி வருகிறார்கள், அரங்கம் வெடிக்கிறது. நாடு முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள், சம்பளம் வாங்குகிற ஆள் சும்மா இருக்கிறார். எல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஒரே வாக்கியம்: நம்ப முடியாதவையே நடந்துகொண்டிருந்த இந்த ஆண்டில், நடக்கவே முடியாததும் நடந்துவிட்டது.

அதே அடியை சிபிஎஸ் ரேடியோவில் ஜாக் பக் சொன்னது இன்னொரு விதம். இப்போது பார்த்ததை என்னால் நம்ப முடியவில்லை என்று கூவினார். அதுவும் அருமையான வர்ணனைதான். அவர் கூவத்தான் வேண்டும், நேயருக்கு முகம் காட்ட அங்கே வேறு யாரும் இல்லை. ஸ்கல்லிக்குக் கிப்ஸன் முகமே திரையில் இருந்தது. சின்ன வயதில் ரேடியோவுக்கு அடியில் படுத்துக் கேட்ட அந்த இரைச்சலை மற்றவர்களுக்கும் அப்படியே கேட்க விட்டார், அவ்வளவுதான்.

இந்த மௌனத்தைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து பழைய ஜாம்பவான் பேப் ரூத்தின் வாழ்நாள் ஹோம் ரன் சாதனையைத் தாண்டினார். எதிரணி டாட்ஜர்ஸ் என்பதால் ஸ்கல்லி அங்கே இருந்தார். பந்து போனதும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அறையின் பின்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து அவர் சொன்னது ஸ்கோர் கணக்கு இல்லை. அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பின மனிதருக்குக் கூட்டமே எழுந்து நின்று கைதட்டுகிறது, இது நாட்டுக்கும் உலகத்துக்கும் எவ்வளவு அற்புதமான தருணம் என்றார். அந்த மாதங்களில் ஆரனுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அபிப்பிராயத்தை உன்னோடு வைத்துக்கொள் என்ற பார்பரின் விதியை எங்கே தளர்த்தலாம் என்பதும் இந்தத் தொழிலின் பாடம்தான்.

மௌனத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் மற்ற நேரத்தில் அவர் என்ன செய்தார் என்ற கேள்வி வரும். கதை சொன்னார். டாட்ஜர்ஸ் டிவி ஒளிபரப்பில் பக்கத்தில் அனலிஸ்ட் யாரும் இல்லாமல் தனியாகவே உட்கார்ந்தார். இரண்டு பேர் பேசிக்கொண்டால் நேயர் ஒட்டுக்கேட்கிறவர் ஆகிவிடுவார், தனியாகப் பேசினால் நேயரோடு பேச்சு. ஜயன்ட்ஸ் பிட்சர் மேடிசன் பம்கார்னர் ஒரு பாம்பைக் கோடரியால் வெட்ட, அதன் வயிற்றுக்குள் இருந்து உயிரோடு ஒரு குட்டி முயல் கிடைத்து, அவர் மனைவி அதை வளர்த்த கதையை, அதே பம்கார்னர் பந்து வீசிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். இரண்டு வாக்கியம் பாம்பு. நடுவில் ஒரு பந்து, அது எங்கே விழுந்தது என்று நாலு சொல். திரும்பப் பாம்பு. பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே கதை சொல்வது மாதிரி, கையும் நிற்காது, கதையும் அறாது. பேஸ்பாலின் வெற்று நேரத்துக்கு இதைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் பாதை இப்படி அமைவதில்லை. வழக்கமான பாதை ஏணி மாதிரி: கீழ்நிலை லீகில் சின்ன ஊர் அணி, பிறகு பெரிய நகரத்து அணி, பிறகு தேசியச் சேனல். ஆல் மைக்கேல்ஸ் என்பவர் புரூக்ளினில் பிறந்து ஸ்கல்லியைக் கேட்டு வளர்ந்தவர். டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் போன அதே 1958-இல் அவர் குடும்பமும் அங்கே போனது. 1968-இல் ஹவாயில் ஒரு கீழ்நிலை லீக் அணியில் தொடங்கி, 1971-இல் சின்சினாட்டிக்கு வந்து, 1980 குளிர்கால ஒலிம்பிக்ஸில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் ஐஸ் ஹாக்கி அணியை 4-3 என்று வீழ்த்தியபோது மைக் முன்னால் இருந்தார். கடைசி விநாடிகளில் அதிசயங்களை நம்புகிறீர்களா என்று கேட்டு, ஆம் என்று தானே பதிலும் சொன்னார். இவர் கத்தினார், ஸ்கல்லி அடங்கினார். இரண்டும் சரியே. 1989-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உலகத் தொடர் ஒளிபரப்பின்போது நிலநடுக்கம் வந்தது. நிலநடுக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் படம் போய்விட்டது, அதன் பிறகு அன்று அவர் வர்ணித்தது நகரத்தின் சேதத்தை. விளையாட்டு வர்ணனையாளருக்கு எந்த நிமிடமும் செய்தியாளர் வேலை வரலாம்.

ஸ்கல்லியும் தேசியச் சேனல்களில் ஃபுட்பால், கோல்ஃப், டென்னிஸ் எல்லாம் செய்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் டாட்ஜர்ஸ் அறைக்குத் திரும்பினார். கடைசி மூன்று சீசன்களில் ஒரு சங்கடம்: கேபிள் கட்டணத் தகராறால் லாஸ் ஏஞ்சலஸ் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் சேனல் வரவே இல்லை. ஊரின் குரல் ஊருக்குக் கேட்கவில்லை.

88 வயதில் கடைசி ஆட்டத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட நாள் 2016 அக்டோபர் 2. லாண்டரிக் கடை வாசலில் அந்த ஸ்கோரைப் பார்த்து மிகச் சரியாக 80 ஆண்டுகள். ஆட்டம் சான் ஃபிரான்சிஸ்கோவில், எதிரணி அதே ஜயன்ட்ஸ். டாட்ஜர்ஸ் 1-7 என்று தோற்றது. முடிந்ததும் அவர் நேயர்களிடம், ஒரு ஆயுளுக்குப் போதுமான அளவு பேசிவிட்டேன் என்றார். இனிய பிற்பகல் வணக்கம் சொன்னார், மைக்கை அணைத்தார்.